அடுப்புச் சாம்பலும் குடும்ப நலமும்

பெல்லட் அடுப்பைச் சுத்தம் செய்து, பத்திரமாக வைத்துக்கொள்ளும் முறை



இந்தப் பிரசுரம் அடுப்பைப் பற்றியது. "அடுப்பைப் பத்தி எங்களுக்கே பாடமா?" என்று சிரிக்காதீர்கள். முதலில் நான் கண்ட ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

ஐப்பசி மாதம், விடாத மழை. நெட்டுக்குப்பத்தில் கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்து வரப் போயிருந்தேன். ஒரு வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி சுருண்டு படுத்திருந்தாள். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் இப்படித்தானாம்.

"மசக்கைதான் நர்ஸம்மா, வேற இன்னா?" என்றார் மாமியார்.

பக்கத்திலேயே நாலு வயதுப் பேரனும் துவண்டு கிடந்தான். அவனுக்கு என்ன என்று கேட்டேன்.

"அவனும் தலை நோவுதுன்றான். ரெண்டு தபா வாந்தி எடுத்தான். கண்டதைத் தின்னுட்டிருப்பான்."

"ஏம்மா, மருமகளுக்கு மசக்கை, சரி. மசக்கை புள்ளைக்கும் வருமா?" என்று கேட்டேன். மாமியார் பதில் சொல்லவில்லை.

மூலையில் ஒரு பெல்லட் அடுப்பு இருந்தது. சுடுதண்ணீர் வைத்து முடித்து, அணையட்டும் என்று அப்படியே விட்டிருந்தார்கள். மழைச் சாரலுக்குப் பயந்து கதவு, ஜன்னல் இரண்டும் சாத்தியிருந்தது. புகை துளிகூட இல்லை. உள்ளே தணல் மட்டும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது.

உடனே கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு அழைத்துப் போனோம். 108-க்குச் சொல்லி, கர்ப்பிணியையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இருவரும் பிழைத்தார்கள். மறுநாள் அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடித்தட்டு முழுக்கச் சாம்பல் இறுகிப் போயிருந்தது. விசிறியில் துருவும் தூசியும். மழையால் தொழிலுக்குப் போகவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது என்று யாரிடமோ பழைய அடுப்பாக வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட அதைச் சுத்தம் செய்யவில்லை.

அந்த வீட்டில் எல்லோரும் நினைத்தது ஒன்றுதான்: "புகையே இல்லையே, அப்புறம் என்ன பயம்?" இந்த நினைப்புத்தான் ஆபத்து. அதைப் போக்கவே இந்தப் பிரசுரம்.

பெல்லட் அடுப்பு என்றால் என்ன?

மரத்தூள், கடலைத்தோல், உமி, கரும்புச் சக்கை போன்றவற்றை இயந்திரத்தில் அழுத்திச் சுண்டுவிரல் பருமனுள்ள சிறு துண்டுகளாகச் செய்கிறார்கள். அதுதான் பெல்லட். இதை எரிக்கவென்று செய்த அடுப்பு பெல்லட் அடுப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பி.பி. எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'ஊர்ஜா' என்ற அடுப்பு, 2006-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டிலும் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு பல வகைகள் வந்தன.

நம் பக்கத்துப் பாட்டிமார்களுக்கு மரத்தூள் அடுப்பு நன்றாகத் தெரியும். தகர டின்னில் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்தி அடைத்து, பாட்டிலை உருவிவிட்டுக் கீழே பற்றவைப்பார்கள். பெல்லட் அடுப்பு அதற்குத் தங்கை மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், இதில் அடியில் ஒரு சின்ன விசிறி உண்டு. அது பேட்டரியில் ஓடும். விசிறிக் காற்றில் ஒரு பங்கு அடித்தட்டின் துளைகள் வழியாக எரிபொருளுக்குப் போகிறது. மறு பங்கு மேல் விளிம்பைச் சுற்றியுள்ள துளைகள் வழியாக வந்து, எழும்பும் புகையையும் எரித்துவிடுகிறது. அதனால்தான் விறகு அடுப்பைவிடப் புகை குறைவு.

ஆக, இந்த அடுப்பின் உயிர் காற்று. காற்று வரும் வழி துளை. துளையை அடைப்பது சாம்பல். படகு இன்ஜினில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் எப்படித் திணறுமோ, அப்படித்தான் சாம்பல் அடைத்த அடுப்பும் திணறும்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

எரிபொருளுக்குக் காற்றுப் போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணும் எரியாது. மூச்சோடு உள்ளே போனால் இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூளைக்கும் இருதயத்துக்கும் பிராணவாயு போதாமல் போகும்.

இன்னொன்றை முக்கியமாகக் கவனியுங்கள். சுவாலை அடங்கி, வெறும் தணல் மட்டும் கனலும் நேரத்தில் புகை இருக்காது. ஆனால் இந்த விஷ வாயு அதிகமாக வருவது அந்த நேரத்தில்தான். "நெருப்பு அடங்கிப்போச்சு, உள்ளேயே இருக்கட்டும்" என்று கதவைச் சாத்திப் படுப்பது உயிருக்கே ஆபத்து.

கர்ப்பிணிக்கு இது இரட்டை ஆபத்து. தாயின் இரத்தத்தில் ஏறும் விஷ வாயு கருவில் இருக்கும் குழந்தைக்கும் போகும். தாய் தேறிவிட்டாலும், குழந்தையின் இரத்தத்திலிருந்து அது இறங்க அதிக நேரம் ஆகும். தினமும் புகையில் வேகும் தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பதும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வருவதும் அதிகம். வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

மசக்கையா, விஷ வாயுவா? கண்டுபிடிப்பது எப்படி?

1. வீட்டில் ஒருவருக்கு மட்டும் இல்லாமல் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அசதி வருகிறதா?
2. அடுப்பு எரியும்போதோ எரிந்து முடிந்த பிறகோ மட்டும் வருகிறதா?
3. வெளியே வந்து காற்று வாங்கினால் குறைகிறதா?

இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் சந்தேகப்படுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு வர முயலாதீர்கள், ஆட்களைக் காப்பாற்றுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். டாக்டரிடம் "வீட்டுக்குள்ள அடுப்பு எரிஞ்சுது" என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவரும் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைக்கக்கூடும். கர்ப்பிணியாக இருந்தால், தலைவலி நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே தீர வேண்டும்.

தினமும் செய்ய வேண்டியது: சாம்பலை வாரிய பிறகே தீ

சாம்பல் என்றால் என்ன என்று நெட்டுக்குப்பத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-லிருந்து 2017-ல் மூடும்வரை அதன் பக்கத்திலேயே வாழ்ந்த ஊர். கழிமுகத்தில் சாம்பல் படிந்தால் தண்ணீர் ஓட வழி இல்லாமல் போவதைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். அடுப்புக்குள்ளும் அதே கதைதான். அங்கே தண்ணீருக்கு வழி இல்லை, இங்கே காற்றுக்கு வழி இல்லை.

எவ்வளவு சாம்பல் சேரும் என்று கேட்பீர்கள். அது பெல்லட்டைப் பொறுத்தது. சுத்தமான மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் மிகக் குறைவு. உமியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதாவது 1 கிலோ உமி எரித்தால் ஏறக்குறைய 200 கிராம் சாம்பல் தங்கும். உமி கலந்த பெல்லட் வாங்குகிறவர்கள் ஒரு வேளைகூடச் சாம்பலை விட்டுவைக்கக் கூடாது.

செய்யும் முறை:

1. அடுப்பு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ராத்திரி எரித்த அடுப்பைக் காலையில் சுத்தம் செய்வது நல்ல வழக்கம். வெளிப்பக்கம் ஆறியிருந்தாலும் உள்ளே தணல் இருக்கும். கையை விட்டுப் பார்க்காதீர்கள்.
2. விசிறியை நிறுத்தி, சார்ஜர் வயர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். விசிறி ஓடிக்கொண்டிருந்தால் சாம்பல் முகத்தில் அடிக்கும்.
3. வாயையும் மூக்கையும் முந்தானையால் மூடிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அடுப்பைக் கவிழ்த்துச் சாம்பலைக் கொட்டுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.
4. அடித்தட்டைக் காய்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாத் துளை வழியாகவும் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாத துளையை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.
5. அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. விசிறி கெடும். சூட்டோடு ஊற்றினால் உள்ளே இருக்கும் சுட்ட மண் உறை வெடிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும்.

சாம்பலை எங்கே கொட்டுவது?

சாம்பலுக்குள் ஒளிந்திருக்கும் தணல் பல மணி நேரம் கழித்தும் உயிரோடு இருக்கும். கடல் காற்று ஒரு தடவை ஊதினால் போதும். பக்கத்தில் ஓலைக் கொட்டகை, காயப் போட்ட வலை, பிளாஸ்டிக் குப்பை எது இருந்தாலும் பற்றிக்கொள்ளும். ஆகவே சாம்பலை மூடி போட்ட தகர டின்னில் போட்டு, வீட்டுக்கு வெளியே வெறுந்தரையில் ஒரு நாள் வையுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துக் கொட்டுங்கள். பிளாஸ்டிக் வாளியோ, சாக்கோ, அட்டைப் பெட்டியோ உதவாது.

வாரம் ஒரு நாள், மாதம் ஒரு நாள்

வாரம் ஒரு நாள் மேல் விளிம்புத் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். உள் சுவரில் ஒட்டியுள்ள கரியைச் சுரண்டுங்கள். சாம்பல் உருகி இறுகிக் கட்டியாகியிருந்தால் தட்டி எடுங்கள். விசிறியின் காற்று நுழையும் வாயில் தூசி, நூல், தலைமுடி சுற்றியிருக்கும். காய்ந்த பிரஷ்ஷால் நீக்குங்கள்.

மாதம் ஒரு நாள் அடுப்பை முழுசாகப் பாருங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். பக்கவாட்டில் ஓட்டை விழுந்திருக்கிறதா, கால் ஆடுகிறதா, உள்ளே சுட்ட மண் உறை விரிசல் விட்டிருக்கிறதா, வயரின் மேல்தோல் உருகியிருக்கிறதா என்று கவனியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். தொடாமல் தள்ளிவைத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அடுப்பை உபயோகிக்காத நாட்களில் மூடி வையுங்கள்.

அடுப்பே சொல்லும் அடையாளங்கள்

சுவாலை ஆடுகிறது, பாத்திரத்தின் அடி கறுக்கிறது, கண் எரிகிறது, வழக்கமான சோறு வேக நேரம் கூடுகிறது. இவையெல்லாம் "எனக்கு மூச்சு முட்டுது" என்று அடுப்பு சொல்லும் வார்த்தைகள். அன்றே சுத்தம் செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

எரிக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. அடுப்பு திண்ணையிலோ, இரண்டு பக்கம் திறந்த தாழ்வாரத்திலோ இருக்கட்டும். மழை என்றாலும் மேலே கூரை போதும், சுவர் வேண்டாம். படுக்கும் அறையில் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.
2. பற்றவைத்த அடுப்பை இடம் மாற்றாதீர்கள். முதலிலேயே இடம் பார்த்து, ஆடாத தரையில் வையுங்கள்.
3. அடுப்பைச் சுற்றி மூன்றடி தள்ளி ஒரு வட்டம் கோலமாவால் போடுங்கள். அது குழந்தைகள் தாண்டக் கூடாத கோடு. வலை, துணி, மண்ணெண்ணெய் டின் எதுவும் அந்த வட்டத்துக்குள் வரக் கூடாது.
4. மேல் விளிம்புத் துளைகளுக்குக் கீழேயே பெல்லட் நிற்க வேண்டும். துளையை மூடும்படி நிரப்பினால் புகையும்.
5. சூடான அடுப்பில் மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றாதீர்கள். காய்ந்த தேங்காய் நார் போதும்.
6. பாதியில் விசிறி நின்றுவிட்டால் குனிந்து உள்ளே பார்க்காதீர்கள். தேங்கிய புகை திடீரென்று பற்றி எழும்பும். எல்லோரும் விலகி நின்று, தானே எரிந்து அடங்க விடுங்கள்.
7. வேலை முடிந்ததும் அடுப்பு ஆறும்வரை வெளியேயே இருக்கட்டும்.

எதை எரிக்கக் கூடாது?

காசு கொடுத்து பெல்லட் வாங்குவானேன், கிடைத்ததைப் போட்டு எரிப்போம் என்று தோன்றும். பழைய நைலான் வலை, தெர்மோகோல், ஃபைபர் படகின் உடைந்த துண்டு, பெயின்ட் அல்லது தார் பூசிய படகுப் பலகை, பிளைவுட் இவற்றை எரிக்கவே கூடாது. இவற்றின் புகை நுரையீரலுக்கு நஞ்சு. பலகையில் பூசிய மருந்தும் பெயின்டும் சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலால் பாத்திரம் தேய்த்தால் சோற்றிலும் சேரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி எண்ணெய் படிந்த கட்டை எந்த வெள்ளத்தில் வந்தாலும் அடுப்புக்கு ஆகாது. வெள்ளத்தில் மூழ்கிய அடுப்பின் விசிறியையும் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். மெக்கானிக்கிடம் காட்டி, நன்றாக வெயிலில் காயவிட்ட பிறகே உபயோகியுங்கள்.

பெல்லட்டையும் ஈரமில்லாமல் காக்க வேண்டும். மூடி போட்ட டிரம்மில் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் நல்லது. பிசுபிசுவென்று உதிர்ந்தால் ஈரம் ஏறிவிட்டது, அது புகையும். டிரம்மின் அடியில் தங்கும் தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள். தூள் அடித்தட்டை அடைக்கும்.

தீக்காயம் பட்டால்

சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றுங்கள். பற்பசை, மை, மாவு, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முகம், கை, மறைவிடம், குழந்தைகள், கர்ப்பிணிகள் என்றால் சின்னக் காயமானாலும் டாக்டர் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

புகை குறைக்கும் அடுப்பு புதிதல்ல. 1983-ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை நாடு முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லா அடுப்பு கொடுத்தது. பல வீடுகளில் அது நிலைக்கவில்லை. புகைபோக்கியைச் சுத்தம் செய்யவும், உடைந்ததைச் சரிபார்க்கவும் ஆள் இல்லாமல் போனது ஒரு முக்கியக் காரணம். அடுப்பு வாங்கினால் போதும், மற்றது வீட்டுப் பெண்ணின் பாடு என்று விட்டதன் பலன் இது.

கடலுக்குப் போகும் முன் இன்ஜினைத் துடைத்து, ஸ்க்ரூ முடுக்கிப் பார்க்கிறவர்கள் நீங்கள். அந்தக் கை அடுப்பு விசிறியையும் ஒரு தடவை பார்க்கட்டும். வாரச் சுத்தமும் மாதச் சோதனையும் ஆண்கள் செய்யும் வேலையாக இருக்கட்டும். முக்கியமாக, மனைவி கர்ப்பமாக இருக்கும் மாதங்களில் சாம்பல் வாருவதையும் நீங்களே செய்யுங்கள்.

கேஸ் இருந்தால்?

சமையலுக்கு கேஸ் அடுப்பே நல்லது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா போன்ற திட்டங்களால் பல வீடுகளுக்கு இணைப்பு வந்திருக்கிறது. கேஸ் தீர்ந்த நாளுக்கும் வெந்நீருக்கும் வேறு அடுப்பு வைத்துக்கொள்கிறோம், அதை மறைக்க வேண்டாம். பெல்லட் அடுப்பு புதிதாக வாங்கினால் ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் சிலிண்டருக்குத்தான் முதல் செலவு என்று முடிவு செய்யுங்கள்.

அந்த மாமியாரை மறுபடி பார்த்தேன். அடுப்பு திண்ணைக்கு வந்துவிட்டது. சுற்றிலும் கோலமாவு வட்டம், பக்கத்தில் மூடி போட்ட சாம்பல் டின். மருமகளுக்குத் தலைவலி இல்லை. "பேரன் அந்தக் கோட்டாண்டயே போறதில்லை நர்ஸம்மா, ஆனா கோட்டை மட்டும் தினம் காலால அழிச்சிடறான்" என்றார். "அழிச்சா அழிக்கட்டும், நீங்க தினம் போடுங்க" என்றேன்.

நினைவிற் கொள்க

சாம்பலை வாரு, பிறகு தீ மூட்டு.
புகை இல்லை என்றாலும் விஷம் உண்டு.
தணல் ஆறும்வரை அடுப்பு வெளியே.
தலைவலி பலருக்கு என்றால் கதவைத் திற, வெளியே வா, 108-ஐ அழை.

சுத்தமான அடுப்பு, சுகமான குடும்பம்!